கதவு மூடினேன், சத்தம் கேட்டேன்

புவேர்த்தோ கொய்போ
11 ஏப்ரல் 2012

அன்புள்ள நிபால்தோ அண்ணாவுக்கு,

எலியானா எழுதறேன். உன் முழங்கால் வலி குறைஞ்சுதா? தவுக்கோ தீவுல மழை கொஞ்சமாவது விட்டுதா? இங்க ராயேன் நல்லா இருக்கா. பதினாறு வயசுப் பொண்ணு எவ்வளவு முகத்தைத் தூக்கணுமோ அவ்வளவும் தூக்கிட்டு இருக்கா. நான்தான் நல்லா இல்லை. வயர்லெஸ் ரேடியோல உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனா நாம பேச ஆரம்பிச்சா எல்லாத் தீவுக்காரனும் மாத்தே டீ குடிக்கிறதை நிறுத்திட்டுக் காதைத் தீட்டிட்டு உக்காருவான். அதனால வியாழக்கிழமைப் படகுல இதை அனுப்பறேன்.

தடுப்பூசி எல்லாம் போச்சு அண்ணா. வரப்போற குளிர்காலக் காய்ச்சலுக்கு வந்த ஆயிரத்து நானூறு டோஸும் போச்சு. புனித வெள்ளிக்கு முந்தின நாள் நீ உன் தீவு சுகாதார நிலையத்துக்கான பெட்டியை வாங்க வந்தியே, அன்னிக்கு சாயங்காலம் மருந்துக் கிடங்கைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போனேன். மூணு நாள் லீவு. திங்கட்கிழமை காலைல வந்து பாத்தா பெரிய ஃப்ரிட்ஜோட கதவு ஒரு விரல் அளவு திறந்து கிடக்கு. தரையெல்லாம் தண்ணி. உள்ள பதினேழு டிகிரி. எட்டைத் தாண்டக் கூடாதுன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணியிலயே உக்காந்துட்டேன்.

எங்க மேலதிகாரி யாஸ்னா வந்தா. கத்தலை. கத்தியிருந்தா தேவலை. "கடைசியா மூடினது யாரு, எலியானா?"ன்னு கேட்டா. "நான்தான்"னேன். வேற யாரு இருக்காங்க?

ஆனா எனக்கு ஞாபகமே வரலை. உன் பெட்டிக்கு மருந்தை எடுத்துக் குடுத்தது தெரியுது. போன் அடிச்சுது, முன் ரூமுக்கு ஓடினேன். அப்புறம் வாசல்ல உனக்குக் கை காட்டினேன். ஃப்ரிட்ஜ் சாவி என் பைக்குள்ள இருந்துது. நடுவுல என்ன நடந்ததுன்னு கேட்டா வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கு. நீ அங்கதானே நின்னே? நான் கதவை மூடினதைப் பாத்தியா? பாத்திருந்தா ஒரு வரி எழுது. விசாரணை வைக்கப் போறாங்களாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு. ஆறின தண்ணியில குடுக்காதே.

உன் தங்கை
எலியானா


தவுக்கோ தீவு
26 ஏப்ரல் 2012

அன்புத் தங்கை எலியானாவுக்கு,

உன் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் பழையபடிதான். ராயேனுக்கு என் அன்பு.

நடந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். நீ கேட்டதற்கு எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று படகுக்காரர் தோன் பெலார்மினோ கடல் வற்றுகிறது என்று கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பெட்டியைப் படகில் ஏற்றுவதிலேயே கவனம். மற்ற எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

இதை மனதில் போட்டு குழப்பிக்கொள்ளாதே. நீ சிறு வயதிலிருந்தே இப்படித்தான், அது உன் குற்றம் இல்லை. இனிமேல் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

இங்கே உருளைக்கிழங்கு எடுத்து முடிந்தது. மழை இன்னும் விடவில்லை.

அன்புடன் அண்ணன்
நிபால்தோ


புவேர்த்தோ கொய்போ
10 மே 2012

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம், ராயேனுக்கு மட்டும் இருமல். உனக்கு எப்படி இருக்கு?

நீ எழுதினது சரி. நான் அப்படித்தான். உன் கடிதத்தைப் படிச்ச அன்னிக்கே யாஸ்னாகிட்ட போய், "நான்தான் மூடாம விட்டேன், இனிமே சந்தேகமே இல்லை"ன்னு சொல்லிட்டேன். அவ ரூம் கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தா. அப்புறம், "நீ சோம்பேறி இல்லை, எலியானா. சோம்பேறியை எனக்குத் தெரியும், என் புருஷன் இருக்கான். நீ வேற ஏதோ"ன்னு சொல்லி, மாசத்துக்கு ஒரு தடவை இங்க வர்ற மனநல டாக்டர் மன்சீயாகிட்ட அவளே எனக்கு நேரம் வாங்கிக் குடுத்தா.

அந்த அம்மா ரெண்டு மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டாங்க. பாதில எழுந்து ஜன்னலை மூடினேன், திரும்ப எழுந்து திறந்தேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. கடைசில எனக்கு இருக்கிறது கவனக் குறைபாடு, சுருக்கமா ஏ.டி.எச்.டி.ன்னாங்க. "அது சின்னப் பசங்களுக்கு வர்றதாச்சே டாக்டர்?"ன்னு கேட்டேன். "அந்தப் பசங்க எல்லாம் பெரியவங்களாகி எங்க போயிட்டாங்கன்னு நினைச்சீங்க? ஒருத்தர் என் எதிர்ல உக்காந்திருக்கார்"னு சொன்னாங்க.

சிரிச்சிட்டேன் அண்ணா. அப்புறம் பஸ் நிறுத்தத்துல நின்னு அழுதேன். அழுததுல பஸ் ரெண்டு போயிடுச்சு.

இப்ப உன்னால ஒரு உதவி வேணும். சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்னு என்னைத் தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக் குடுக்கணுமாம். அம்மா இல்லை. அப்பாவுக்கு என் பிறந்த நாளே ஞாபகம் இருக்காது. உன்னை விட்டா யாரு இருக்காங்க? நல்லது கெட்டது எல்லாம் எழுது. மறைக்காதே.

எலியானா


தவுக்கோ தீவு
24 மே 2012

அன்புத் தங்கைக்கு,

உங்கள் இருவரின் நலமும் அறிந்தேன். இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் கொடு. நான் சுகம்.

டாக்டர் கேட்டதை எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடத்துக்கு ஒற்றைக் கால் காலுறையோடு போயிருக்கிறாய். ஒரே வருஷத்தில் நான்கு குடைகளைத் தொலைத்தாய். நான்காவது என்னுடையது. அம்மா ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று இடத்துக்குப் போய் வந்திருப்பாய். "நிபால்தோவைப் பாத்துக் கத்துக்கோடி" என்று அம்மா உன்னிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று எண்ணவே முடியாது.

இன்னொன்றையும் டாக்டரிடம் சொல். உனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மா உன்னை ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்கி வர அனுப்பினாள். மூன்று மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாய். அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள். "மேட்டு வீட்டு ரோஸால்பா அத்தை வீட்டுப் புகைபோக்கில புகையே வரலைம்மா, அதான் போய்ப் பாத்தேன்" என்றாய். அந்த அம்மாள் இடுப்பு எலும்பு முறிந்து அடுப்பங்கரையில் கிடந்திருந்தாள். நீ ஓடிப்போய் ஆள் கூட்டி வந்து, வண்டி வரும் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அன்று காலை அந்த வழியாக நானும் போனேன். எனக்கு வயது பதினைந்து. நான் கூரையையே பார்க்கவில்லை.

அம்மா ஈஸ்டைப் பற்றித்தான் ஒரு வாரம் பேசினாள். ரோஸால்பா அத்தையைப் பற்றி யாரும் உன்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ரொம்ப தாமதம்தான்.

அண்ணன்
நிபால்தோ


புவேர்த்தோ கொய்போ
14 ஜூன் 2012

என் அன்பான அண்ணாவுக்கு,

எப்படி இருக்கே? குளிர் முழங்காலுக்கு ஆகாது, கம்பளி சுத்திக்கோ. நாங்க சுகம்.

உன் கடிதத்தை டாக்டர்கிட்ட குடுத்தேன். படிச்சிட்டு, "உங்க அண்ணன் உங்களை ரொம்ப மதிக்கிறார்"னாங்க. அப்படின்னு எனக்குத் தெரியவே தெரியாதுன்னேன். அதை மடிச்சு பர்ஸ்ல வெச்சிருக்கேன். பர்ஸை ஒரு கயித்துல கட்டி பையோட சேத்துத் தைச்சிருக்கேன், தொலையாது.

இப்ப என் வாழ்க்கையே கயிறும் டப்பாவும்தான். சமையல் ரூம்ல எல்லா டப்பாவும் கண்ணாடி டப்பா. கண்ணுக்குத் தெரியாதது எனக்கு உலகத்துலயே இல்லை. போன வருஷம் வாங்கின பருப்பு அலமாரிக்குப் பின்னால முளைச்சு நின்னுது. அலாரம் கழுத்துல தொங்குது. கோழி மாதிரி இருக்கிற சமையல் அலாரம், அதான் கடையில இருந்துது. ஆபீஸ்ல "கோழியக்கா"ன்னு பேரு வெச்சாச்சு. பில் கட்டறது, ஃபாரம் நிரப்பறதெல்லாம் ஞாயித்துக்கிழமை. ராயேனை எதிர்ல உக்கார வெச்சுப்பேன். "நான் என்னம்மா செய்யணும்?"னு கேட்டா. "ஒண்ணும் செய்யாதே, சும்மா உக்காரு. ஆள் எதிர்ல இருந்தா எனக்கு வேலை ஓடும்." "அப்ப எனக்குச் சம்பளம் குடு"ங்கறா.

மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சிருக்கேன். வாய் வறளுது, மத்தியானம் பசிக்கவே மாட்டேங்குது. முதல் நாள் ஒரு பாத்திரத்தைத் தேய்ச்சு, கழுவி, கவுத்து வெச்சிட்டு அதுக்கப்புறம்தான் அடுத்ததை எடுத்தேன். ராயேன் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தா. அப்புறம் மெதுவா, "எல்லாரும் இப்படித்தான் கழுவுவாங்கம்மா"ன்னா. எனக்கு அது தெரியாது அண்ணா. எல்லாருக்கும் இது இவ்வளவு சுலபமா?

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதே. போன வாரம் ஒரே துணியை மூணு தடவை துவைச்சேன், காயப் போட மறந்து மறந்து. ராயேன் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போய் காலி வகுப்புல உக்காந்திருந்தேன். அவ ரெண்டு நாள் என்கூடப் பேசலை. அதுக்கு மாத்திரை இல்லை.

ஆனா ஃப்ரிட்ஜுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். வாயாலயும் கையாலயும் செய்யறது. கதவைச் சாத்தி, கைய வெச்சு அழுத்தி, சத்தமா சொல்லணும்: "கதவு மூடினேன், சத்தம் கேட்டேன், மணி நாலு பத்து." சொன்னதை அப்படியே தாள்ல எழுதணும். தலையில நிக்காதது காதுல நிக்குது. முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. நேத்து யாஸ்னாவே அவ கார் கதவைச் சாத்திட்டு, "மூடினேன், சத்தம் கேட்டேன்"னு முணுமுணுத்ததைப் பாத்தேன். இப்ப இந்தத் தாளை எல்லாத் தீவு நிலையத்துக்கும் அனுப்பச் சொல்லிட்டா. உனக்கும் இந்தப் படகுலயே வருது. உனக்கு எதுக்கு? இருந்தாலும் நிரப்பு, உன் தங்கச்சி பண்ணினது.

பதில் போடு.

எலியானா


புவேர்த்தோ கொய்போ
12 ஜூலை 2012

அண்ணா,

உடம்பு சரியில்லையா? ரெண்டு வியாழக்கிழமை காத்திருந்தேன், புயலுக்குத் துறைமுகம் மூடியிருக்கும்னு நினைச்சேன். போன வாரம் படகு வந்துது. தோன் பெலார்மினோகிட்ட கேட்டேன். "உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்கார், காலி மருந்துப் பெட்டியெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கார், கடிதம் ஒண்ணும் குடுக்கலை"ன்னார். நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா? எழுதியிருப்பேன். எதுன்னு தெரியலை. மன்னிச்சுக்கோ.

விசாரணை ஜூலை 27, வெள்ளிக்கிழமை காலை. மாகாண அலுவலகத்துலேருந்து ஒருத்தர் வரார். "அந்த நேரம் வேற யாராவது இருந்தாங்களா?"ன்னு ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு. உன் பேரை எழுதினேன், ஆனா நீ பெட்டியை வாங்கிட்டு உடனே போயிட்டதா எழுதினேன். உன்னை இதுல இழுக்க வேண்டாம். நானே ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா வேலை போகாது, பதிவேட்டு ரூமுக்கு மாத்துவாங்கன்னு யாஸ்னா சொல்றா. அவளுக்கும் பிடிக்கலை. "இந்தத் தாளைக் கண்டுபிடிச்சவளையே கிடங்கை விட்டு அனுப்பறோம்"னு கோபப்பட்டா.

கிடங்கு வேலை எனக்குப் பிடிக்கும் அண்ணா. என் தலைக்கு வெளியில ஒழுங்கா இருக்கிற ஒரே இடம் அதுதான். சரி, அதை விடு. உடம்பைப் பாத்துக்கோ. ஒரு வரியாவது எழுது.

எலியானா


தவுக்கோ தீவு
28 ஜூலை 2012

எலியானா,

நலம் விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. நேற்று ரேடியோவில் சொன்னதை நீ கேட்டிருப்பாய். நான்கு வாக்கியத்தில் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

அன்று நீ ஃப்ரிட்ஜை மூடினாய். நான் பார்த்தேன். மூடிவிட்டுத்தான் போன் எடுக்க ஓடினாய். ஃப்ரிட்ஜ் பூட்டிலேயே சாவி இருந்தது. என் பெட்டியில் பனிக்கட்டிப் பை இரண்டு குறைவாக இருப்பதாகத் தோன்றியது. உன்னைக் கேட்காமல் நானே திறந்து எடுத்தேன். இரண்டு கையிலும் பெட்டி. கதவை முழங்காலால் தள்ளினேன். பூட்டாமலே விரல் இடுக்கில் சாவியை உருவி, நீ வந்ததும் உன் கையில் கொடுத்தேன். நீ அதை வாங்கும்போது போனில் யாரோ சொன்ன ஏதோ ஒன்றை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

இதோடு முடிந்திருந்தால் இது கை தவறியது மட்டும்தான். படகு கடலில் பாதி தூரம் வந்தபோது, கதவு சாத்திய சத்தம் கேட்டதா என்று எனக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தோன் பெலார்மினோவின் ரேடியோ என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ வீட்டுக்குக் கிளம்பும் முன் போய் மூடியிருப்பாய். ஒரு டோஸ்கூட வீணாகியிருக்காது. ஆனால் ரேடியோவில் எல்லாத் தீவும் கேட்கும். நிபால்தோ கதவை மூட மறந்துவிட்டான் என்று கேட்கும். அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. மூடித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. பழியை நீயே எடுத்துக்கொண்டிருந்தாய். நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். நீ சிறு வயதிலிருந்தே இப்படித்தான் என்று எழுதினேனே, அதுதான் நான் செய்ததிலேயே கேவலமான காரியம்.

ஜூன் மாதம் உன் தாள் வந்தது. ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை "கதவு மூடினேன், சத்தம் கேட்டேன்" என்று என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது உனக்கு எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. ஜூலை 19-ம் தேதி படகு வந்தது, கடிதம் எழுதி உறையில் போட்டிருந்தேன், கொடுக்கவில்லை. 26-ம் தேதி கொடுக்கத் தயாராக நின்றேன், புயலில் படகே வரவில்லை. மறுநாள் காலை விசாரணை. அதனால்தான் ரேடியோ.

நம் வீட்டில் கவனமானவன் என்று பெயர் எடுத்தவன் நான். எனக்கு அது பிறவியிலேயே வந்தது, ஒரு நாளும் அதற்காகப் பாடுபட்டதில்லை. நீ காலையில் செருப்பைத் தேடுவதிலிருந்து விளக்கை அணைப்பது வரை ஒவ்வொன்றையும் கையால் கட்டி எழுப்புகிறாய். அதன் பிறகும் உன் மேல் தப்பு என்றால் முதல் ஆளாகக் கையைத் தூக்குகிறாய். எனக்கு அந்தத் துணிச்சல் வர நான்கு மாதம் ஆயிற்று.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நிபால்தோ


தவுக்கோ தீவு
30 ஆகஸ்ட் 2012

எலியானா,

நீயும் ராயேனும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு மாகாண அலுவலகத்திலிருந்து எழுத்துமூலம் கண்டனம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. நான் செய்ததற்கு இது குறைவுதான்.

இங்கே தீவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மளிகைக் கடையில் மட்டும் நான் வெளியே வரும்போது கடைக்காரம்மா, "கதவைச் சாத்திட்டுப் போங்க, தோன் நிபால்தோ" என்றாள். சாத்தினேன்.

நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. இருமல் எப்படி இருக்கிறது என்று மட்டும் ராயேனை எழுதச் சொல்.

நிபால்தோ


புவேர்த்தோ கொய்போ
21 செப்டம்பர் 2012

அண்ணாவுக்கு,

ராயேனுக்கு இருமல் நின்னு மூணு மாசம் ஆச்சு. நாங்க சுகம். சுதந்திர தினத்துக்குக் கறி வெச்சு எம்பனாதா சுட்டேன், கருகலை. நீ எப்படி இருக்கே?

உனக்கு எழுத மறந்துட்டேன்னு நினைச்சிருப்பே. எத்தனையோ மறப்பேன், இதை மறக்கலை. ஆறு கடிதம் ஆரம்பிச்சு கிழிச்சேன். அதுல ரெண்டு, நீ படிக்கக் கூடாதது.

அன்னிக்கு என்ன நடந்ததுன்னு கேளு. யாஸ்னா ரூம்ல நாங்க மூணு பேர். மாகாண அதிகாரி, பாவம், மழையில நனைஞ்ச கோட்டோட நடுங்கிட்டு இருந்தார். ஒப்புதல் தாள் என் முன்னால இருக்கு, பேனா கைல இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்னு தேடிட்டு இருந்தேன். அப்ப மூலையில ரேடியோல உன் குரல். "இது தவுக்கோ நிலையம். ஏப்ரல் அஞ்சாம் தேதி அந்த ஃப்ரிட்ஜைக் கடைசியா திறந்தது நான், நிபால்தோ ஒயார்சூன். மூடாம விட்டதும் நான். என் தங்கச்சி மூடிட்டுத்தான் போனா. கேட்டுதா? ஓவர்."

அப்புறம் ஏதோ ஒரு தீவுலேருந்து ஒரு கிழவர் குரல்: "எல்லாருக்கும் கேட்டுது, நிபால்தோ."

யாஸ்னா என் கைலேருந்து பேனாவை வாங்கி மூடி போட்டா.

எனக்கு முதல்ல சந்தோஷம் வரலை. முப்பத்தொம்பது வருஷமா எது உடைஞ்சாலும், எது தொலைஞ்சாலும், யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நானே "நான்தான்"னு சொல்லிடுவேன். அதுல எத்தனை நான் செய்யாததுன்னு இனிமே யாரைக் கேட்டு எண்ணறது? வீட்டுக்குப் போய் ராயேன்கிட்ட சொன்னேன். அவ, "நீ மூடினேம்மா, நீ மூடினே"ன்னு கத்தி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அப்பதான் அழுகை வந்துது. அதோட அவ உன்னைத் திட்டின திட்டை எழுதினா தபால்காரர் இதை வாங்க மாட்டார்.

டாக்டர் மன்சீயாகிட்ட போய், "ஃப்ரிட்ஜ் நான் இல்லையாம், அப்ப என் வியாதியும் பொய்தானே?"ன்னு கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. "முளைச்ச பருப்பு யாருது? மூணு தடவை துவைச்ச துணி?"ன்னாங்க. சரி, அது நான்தான்.

சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போனது என் பங்கு. அதை நானே எழுதிக் குடுத்தேன், எனக்கும் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வந்திருக்கு. என் பங்கு எவ்வளவோ அவ்வளவு. ஒரு பொட்டு அதிகம் இல்லை. அதை வாங்கும்போது எவ்வளவு நிம்மதியா இருந்துதுன்னு உனக்குப் புரியாது.

மன்னிச்சுட்டேன்னு எழுத வரலை. படகுல உக்காந்துட்டு சும்மா இருந்தியே, அதுதான் போக மாட்டேங்குது. ஆனா எல்லாத் தீவும் கேக்க நீ பேசினதும் என் காதை விட்டுப் போகலை. ரெண்டும் இருக்கு.

கிடங்கு என்கிட்டயே இருக்கு. நவம்பர் 14-ம் தேதி எல்லா நிலையத்துக்காரங்களுக்கும் குளிர்பதனப் பயிற்சி வெச்சிருக்காங்க. சொல்லித் தரப் போறது நான். நீயும் வரணும், அது உத்தரவு.

எலியானா


தவுக்கோ தீவு
22 நவம்பர் 2012

அன்புள்ள எலியானாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

பயிற்சி அன்று உன்னிடம் நான் அதிகம் பேசவில்லை. நீயும் பேசவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததை எழுதுகிறேன், மறுக்காமல் படி.

இருபத்துமூன்று பேர் இருந்தோம். பாதிப் பேர் உன்னைவிட வயதில் மூத்தவர்கள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ முன்னால் வந்து, "எனக்குக் கவனக் குறைபாடு இருக்கு. அதனாலதான் இதை உங்களுக்குச் சொல்லித் தர எனக்குத் தகுதி இருக்கு. தப்பு எந்த இடத்துல நுழையும்னு எனக்கு அத்தனை வழியும் தெரியும்" என்றாய். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. இப்படி ஒரு வாக்கியத்தை என்னால் ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது.

பனிப் பை அடுக்குவதைச் சொல்லிக்கொண்டிருந்தாய், அங்கிருந்து உருளைக்கிழங்கு மூட்டைக்குப் போனாய், பிறகு யாஸ்னாவின் காருக்கு. திடீரென்று நின்று, "எங்க விட்டேன்?" என்றாய். "பனிப் பை!" என்று இருபத்துமூன்று பேரும் சேர்ந்து கத்தினோம். "அதான், நன்றி" என்று கொஞ்சமும் கூச்சப்படாமல் தொடர்ந்தாய். பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படி நின்றிருந்தால் அழுதுகொண்டே வெளியே ஓடியிருப்பாய். நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதவை மூடச் சொன்னாய். என் முறை வந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ மற்றவர்களுக்குச் சொன்னதைவிட ஒரு வார்த்தை அதிகமாகவோ குறைவாகவோ எனக்குச் சொல்லவில்லை. "அடுத்தவர்" என்றாய். அந்த மரியாதைக்கு நான் தகுதியானவன் இல்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

தேநீர் நேரத்தில் தெற்குத் தீவுக்காரர் ஒருவர், ரேடியோவில் அன்று பதில் சொன்ன அதே கிழவர்தான், என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு உன் தங்கச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாப்பது வருஷமா ஊசி போடறேன், இவ்வளவு தெளிவா யாரும் சொல்லிக் குடுத்ததில்லை" என்றார். ஆமாம் என்று மறுபடி சொன்னேன்.

விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் படகு ஏறினேன். படகு கரையை விட்டு ஒரு முப்பது மீட்டர் வந்திருக்கும். நீ துறைமுகப் பாதையில் ஓடி வருவதைப் பார்த்தேன். மழையில், கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல். முனையில் நின்று கையை ஆட்டி ஏதோ கத்தினாய். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தோன் பெலார்மினோவைத் திருப்பச் சொன்னேன், வற்றும் கடல் காத்திருக்காது என்றார்.

என்ன சொன்னாய், எலியானா? ஒரு வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்
நிபால்தோ


புவேர்த்தோ கொய்போ
6 டிசம்பர் 2012

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் சுகம். உன் முழங்கால் தேவலைன்னு பாத்தே தெரிஞ்சுது, படகுல நீ நல்லாத்தான் ஏறினதா தோன் பெலார்மினோவும் சொன்னார்.

உன் கடிதத்தை ராயேன் ரெண்டு தடவை சத்தமா படிச்சா. அப்புறம், "மாமா மேல இன்னும் ஒரு மாசம் கோபமா இருப்பேன், அதுக்கப்புறம் யோசிக்கறேன்"னா. கிறிஸ்துமஸ் அந்த ஒரு மாசத்துக்குள்ளதான் வருது. அவ முகத்தைத் தூக்கிட்டுத்தான் இருப்பா. வா. விடுதிக்குப் போகாதே, வீட்டுக்கு வா. மாடி ரூம்ல இருக்கிற சாமானை எல்லாம் எடுக்க ஆரம்பிச்சிருக்கேன், பாதி முடிஞ்சிருக்கு. மீதி பாதியோட நீ படுத்துக்கலாம்.

நான் என்ன கத்தினேன்னு கேட்டிருக்கே. அன்னிக்குப் படகு பத்து மணிக்குன்னு எழுதி வெச்சிருந்தேன், ஒன்பதரைக்கே கிளம்ப ஆரம்பிச்சுது. ஜன்னல்லேருந்து பாத்தேன். கிடங்கைப் பூட்டி, மூடினேன் கேட்டேன்னு சொல்லி, எழுதி, அதுக்கப்புறம்தான் ஓடி வந்தேன். வழியெல்லாம் அந்த வார்த்தை வாயிலயே இருந்துது. முக்கியமான வார்த்தை. உனக்கு எழுத முடியாததை நேர்ல கத்திடலாம்னு வந்தேன். கத்தியும் முடிச்சேன்.

சத்தியமா மறந்துட்டேன் அண்ணா. ஓடி வந்தது மட்டும் ஞாபகம் இருக்கு.

உன் தங்கை
எலியானா